பரம்பரை விதை கையில் இருக்கிறது, எங்கே ஒப்படைப்பது? தேசிய மரபணு வங்கி, ஊர் விதை வங்கி, சொந்த வயல், வீட்டு ஃபிரிட்ஜ்: ஓர் ஒப்பீடு

சென்னையில் விதைப் பரிமாற்றம் நடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. ஊரில் நிலத்தை விற்கிறோம், அப்பா கட்டி வைத்த விதைநெல் பத்தாயத்தில் கிடக்கிறது, என்ன செய்வது? அம்மா வருஷா வருஷம் எடுத்து வைத்த அவரை விதை ஒரு டப்பா இருக்கிறது, அண்ணா நகர் ஃபிளாட்டில் பந்தல் போட இடமில்லை, யாரிடம் கொடுப்பது? "டெல்லியில் அரசாங்க மரபணு வங்கி இருக்கிறதாமே, அங்கே அனுப்பிவிட்டால் போதும்தானே?" என்று ஒருவர் கேட்பார். "அங்கே போனால் திரும்பி வராது, கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும்" என்று பக்கத்தில் நிற்பவர் தடுப்பார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாக்குவாதம் முடியும்வரை விதை காத்திருக்காது. சென்னைக் காற்றின் ஈரத்தில், திறந்த டப்பாவில் இருக்கும் விதை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் நம் முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். தேசிய மரபணு வங்கியும் அதன் கிளைகளும், ஊர்ச் சமுதாய விதை வங்கி, வயலிலோ மாடியிலோ நாமே தொடர்ந்து விதைப்பது, வீட்டு ஃபிரிட்ஜ் என நான்கு. வாழை, மா போன்றவற்றுக்கு விதையாக எடுத்து வைக்கும் வழி எதுவும் பொருந்தாது. அவற்றைத் தனியாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது அந்தச் செடியின் இயல்பு. நெல், கேழ்வரகு, சாமை, அவரை, கத்தரி, மிளகாய் போன்றவற்றின் விதையை நன்றாக உலர்த்திக் குளிரில் வைத்தால் ஆயுள் கூடும். மா, பலா, தென்னை விதைகள் உலர்ந்தால் செத்துவிடும், உறைகுளிரில் வைத்தாலும் செத்துவிடும். வாழை, மஞ்சள், மரவள்ளி போன்றவற்றை விதை வழியாக அதே ரகமாகக் காப்பாற்ற முடியாது. கிழங்கோ கன்றோ குச்சியோதான் வேண்டும். எந்த வங்கி நல்லது என்று கேட்கும் முன் இதைக் கேட்காதவர்கள்தான் மாங்கொட்டையைக் காயவைத்து உறையில் போட்டு அனுப்புகிறார்கள்.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. நெல், தக்காளி, அவரை எல்லாம் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்திலேயே காய்ப்பவை. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரிதாகக் கலக்காது. பூசணி, சுரை, பாகல், கம்பு, மக்காச்சோளம் அப்படியில்லை. தேனீயும் காற்றும் எங்கிருந்தோ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கத்தரியும் வெண்டையும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. விதையைத் தூய்மையாக வைத்திருக்க ஆகும் உழைப்பு இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

மற்றவை நமது தேவையைப் பொறுத்தவை. எத்தனை ஆண்டுக்கு வேண்டும்? திரும்பக் கேட்டால் கிடைக்க வேண்டுமா, கிடைத்தால் ஒரு கைப்பிடி போதுமா, ஓர் ஏக்கருக்கு வேண்டுமா? அந்த ரகம் நம் ஊருடையது என்பதற்குப் பதிவு வேண்டுமா? பணமும் உழைப்பும் எவ்வளவு போட முடியும்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. வருகிற பட்டத்தில் இதை விதைக்க யாராவது இருக்கிறார்களா? என்னைப் பொறுத்தவரை முடிவை மாற்றும் கேள்வி இதுதான்.

## தேசிய மரபணு வங்கி

டெல்லி பூசா வளாகத்தில் உள்ள தேசிய தாவர மரபணு வளங்கள் பணியகம் 1976இல் தொடங்கப்பட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கிருக்கும் தேசிய மரபணு வங்கியில் நாலரை லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் இருக்கின்றன. உலகின் பெரிய மரபணு வங்கிகளில் இதுவும் ஒன்று. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில், பத்து லட்சம் மாதிரிகளை வைக்கும் அளவில் இரண்டாவது மரபணு வங்கி ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

இது டெல்லியில் இருக்கும் ஒரு கட்டடம் மட்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. திருச்சூர், ஹைதராபாத், அகோலா, ஜோத்பூர், சிம்லா, ஷில்லாங், கட்டாக் என்று பல ஊர்களில் பணியகத்துக்கு மண்டல நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு அருகில் இருப்பது திருச்சூர். இதற்கு மேல், பயிருக்கு ஒரு நிறுவனம் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. வாழைக்குத் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கரும்புக்குக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம், கிழங்குகளுக்குத் திருவனந்தபுரம், மிளகுக்கும் மற்ற நறுமணப் பயிர்களுக்கும் கோழிக்கோடு, நெல்லுக்குக் கட்டாக். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் கோவையில் ராமையா மரபணு வங்கியை வைத்திருக்கிறது. டெல்லி நீண்ட காலக் கிடங்கு. மற்ற இடங்களில் இருப்பது புழக்கத்துக்கான இருப்பு: விதைத்துப் பார்ப்பது, குணங்களைக் குறிப்பது, ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

வேலை நடக்கும் விதம் இது. வந்த விதையைச் சுத்தம் செய்து, முளைப்புத் திறன் பார்த்து, ஈரப்பதத்தைச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை இறக்கி, அலுமினியத் தாள் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முளைப்பு குறைந்தால் வயலில் விதைத்துப் புது விதை எடுத்து மறுபடி வைக்கிறார்கள். உலர்த்தவோ உறையவைக்கவோ முடியாதவற்றின் திசுவையும் கருவையும் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. உள்நாட்டில் சேகரித்த ஒவ்வொரு மாதிரிக்கும் 'ஐ.சி.' என்று தொடங்கும் எண் கிடைக்கும். அந்த எண்ணோடு ஊர், மாவட்டம், கொடுத்தவர் விவரம், சேகரித்த தேதி எல்லாம் பதிவாகும்.

பதிவின் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் ரத்தானது, நம்மிடம் பழைய எழுத்துச் சான்று இருந்ததால்தான். "எங்கள் பாட்டி சொன்னாள்" என்பது ஆவணம் ஆகாது. "இந்தத் தேதியில், இந்த ஊரிலிருந்து, இந்த ரகம் பெறப்பட்டது" என்பது ஆவணம். விதை கம்பெனிக்குப் போய்விடுமே என்று பயப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். பதிவு இல்லாத விதையை யார் எடுத்துப் போனாலும் கேட்க நாதியில்லை. மரபணு வங்கியிலிருந்து மாதிரி வெளியே போகும்போது பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் எழுதிக்கொண்டுதான் போகும். வெளிநாட்டவர் எடுக்க வேண்டுமானால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் தரமணியில்தான் இருக்கிறது.

இப்படிச் சேர்த்து வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே பதில் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950களில் வெளிவந்த டி.கே.எம்.6 ரகத்துக்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இருந்தது. பின்னாளில் நம் வயல்களையெல்லாம் நிரப்பிய ஐ.ஆர்.20 நெல்லின் ஒரு பெற்றோர் அது. இன்னொன்றும் உண்டு. நெல்லில் குட்டை நோய் வைரஸ் பரவியபோது ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்ப்புக் கிடைத்தது, உத்தரப் பிரதேசத்தில் 1963இல் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். அந்த ஒரு பையை யாரும் எடுத்து வைக்காமல் போயிருந்தால் அந்த நோயைத் தாங்கும் ஐ.ஆர்.36 நெல் வந்திருக்காது.

சரி, மறைந்திருக்கும் விலை என்ன?

முதலாவது, அளவு. நீண்ட காலச் சேமிப்புக்குத் தன் மகரந்தப் பயிர் (நெல், அவரை போல) என்றால் சுமார் 2,000 விதை, அயல் மகரந்தப் பயிர் (பூசணி, கம்பு போல) என்றால் சுமார் 4,000 விதை எதிர்பார்ப்பார்கள். முளைப்புத் திறன் 85 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நெல்லில் 2,000 மணி என்பது 50 கிராமுக்குள் அடங்கிவிடும், பிரச்சினை இல்லை. அவரையில் அரைக் கிலோவைத் தாண்டும். டப்பாவில் முப்பது கொட்டை இருந்தால் முதலில் ஒரு பருவம், சில நேரம் இரண்டு பருவம், யாராவது பெருக்கித் தர வேண்டும்.

இரண்டாவது, திரும்பக் கிடைப்பது. இந்த வங்கி ஆராய்ச்சிக்காக அமைக்கப்பட்டது. கேட்டுக் கிடைத்தாலும் சிறு உறை விதைதான் வரும். ஒரு ஏக்கர் நட வேண்டுமானால் அதிலிருந்து நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். திரும்பவே கிடைக்காது என்பதும் உண்மையில்லை. கம்போடியாவில் போரும் கெமர் ரூஜ் ஆட்சியும் உள்ளூர் நெல் ரகங்களை அழித்தபோது, அதற்கு முன்பே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரகங்கள் 1980களில் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போயின. ஒரு நாட்டுக்கு நடப்பது தனி ஒரு வீட்டுக்கு அதே சுலபத்தில் நடக்காது, அவ்வளவுதான்.

மூன்றாவது, உறைந்த விதை கற்றுக்கொள்வதில்லை. 1990இல் உள்ளே போன குழியடிச்சான் நெல் இன்றைய வெயிலையும் இன்றைய பூச்சியையும் பார்த்திருக்காது. வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் வருஷா வருஷம் விதைக்கப்படும் குடவாழை நெல் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறது. எந்தக் களியில் எந்த அரிசி இனிக்கும், எந்த வைக்கோலை மாடு விரும்பும் என்பதும் நாம் எழுதிக் கொடுத்தால் தவிர உறைக்குள் போகாது.

நான்காவது, எந்தக் கட்டடமும் விழலாம். பிலிப்பைன்ஸின் தேசிய மரபணு வங்கியை 2006இல் புயல் வெள்ளம் மூழ்கடித்தது, 2012இல் தீ எரித்தது. அலெப்போவுக்கு அருகில் இருந்த சர்வதேச வறண்ட நில வேளாண் மையத்தின் விதைகள் சிரியப் போரில் கைவிட்டுப்போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்தில் நகல் இருந்ததால் 2015இல் எடுத்து மறுபடி விதைக்க முடிந்தது. இந்தியாவும் லடாக்கின் சாங் லா கணவாயில் 2010இல் ஒரு பெட்டகம் அமைத்திருக்கிறது. இருந்தாலும் உங்கள் மாதிரி ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் அது பாதி பாதுகாப்புதான்.

எப்போது இது சிறந்தது: விதைக்க ஆள் இல்லாதபோது. ரகம் அரிதாக இருந்து, நீங்கள் அறிந்தவரை வேறு எங்கும் இல்லாதபோது. பதிவு வேண்டும்போது.

## சமுதாய விதை வங்கியும் விதைத் திருவிழாவும்

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த முறை நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகும் விவசாயி அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். காசு புழங்காது, விதை மட்டும் பெருகும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் இப்படி ஊர் ஊராகப் போயின. 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அவர் நடத்திவந்த நெல் திருவிழா நின்றுவிடவில்லை. பாரம்பரிய நெல் பாதுகாப்புக்கு அவர் பெயரில் தமிழ்நாடு அரசும் ஒரு இயக்கத்தை நடத்துகிறது. மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் இன்று மயிலாப்பூர்க் கடைகளில் கிடைக்கின்றன என்றால், யாரோ குளிர் அறையில் பூட்டி வைத்ததால் வந்தவை அல்ல அவை. கைமாறிக் கைமாறி வந்தவை.

மலையில் இதே வேலை வேறு விதமாக நடந்தது. கொல்லிமலையில் மரவள்ளி பரவப் பரவச் சாமையும் தினையும் பின்வாங்கின. தரமணியில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை உருவாக்கியது. ஊருக்குள் விதை கடனாகப் போய் விளைந்து திரும்புகிறது. அதன் நகலாகத் தரமணி வளாகத்தில் சமுதாய மரபணு வங்கியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான், ஏனென்றால் விதை உடையவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், காப்பு மட்டும் நகரத்தில் இருக்கிறது.

இதன் பலம் வேகம். தையில் கொடுத்தால் அடுத்த பட்டத்திலேயே விதைக்க ஆள் கிடைக்கும். கிலோ கணக்கில் திரும்பவும் கிடைக்கும். சட்டமும் பக்கபலம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. அதே சட்டத்தின் கீழ் உழவர் ரகமாகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது, அதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை. ரகங்களைக் காத்த சமூகங்களுக்கு 10 லட்ச ரூபாய் விருதும் வழங்குகிறார்கள்.

பலவீனத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பல விதை வங்கிகள் ஓர் ஆளின் தோளில் நிற்கின்றன. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்தப் பருவம் சில ரகங்கள் விதைக்கப்படாமல் போகும். சாதாரண அறை வெப்பத்தில் வைத்த விதை இரண்டு பருவம் தவறினால் கதை முடிந்தது. அடுத்து, சந்தை. விலை போகும் ரகத்தைத்தான் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். பெயர் தெரியாத, அவல் இடிக்க மட்டும் ஆகிற, வைக்கோலுக்காக மட்டும் வைத்திருந்த ரகத்தை எடுத்துப்போக ஆள் குறைவு. உங்கள் அப்பாவின் விதை அந்த வகையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, கலவன், அதாவது வயலில் கலந்து நிற்கும் வேறு ரகச் செடி. பல கை மாறும்போது கலவன் நீக்காமல் அறுத்த விதையும் சேர்ந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு நெல்லும், ஒரே நெல்லுக்கு மூன்று பெயரும் புழங்குவது இப்படித்தான்.

எப்போது இது சிறந்தது: விதை இன்னும் உயிரோடு இருக்கும்போது. ஊரில் அதை விரும்பும் விவசாயிகள் இருக்கும்போது. சாப்பாட்டுக்கு அது திரும்ப வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும்போது.

## நாமே விதைப்பது

வயல் இருந்தால் இதைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு செண்டு ஒதுக்கினால் போதும், ஒரு ரகம் உயிரோடு இருக்கும். வயல் இல்லாத சென்னைவாசிக்கு மாடி மட்டும்தான் மிச்சம், அங்கே பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவரை, தக்காளி, தட்டைப்பயறு மாடியில் வைக்கலாம், விதையும் எடுக்கலாம். கத்தரியும் மிளகாயும் என்றால் பூக்கும் முன் மெல்லிய வலைப் பையைக் கட்டி, காய் பிடித்ததும் கழற்றி, அந்தக் காயை மட்டும் விதைக்கு விட வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரியை வாங்கி வைத்து, பக்கத்து மாடியில் நீலக் கத்தரி இருக்கும்போது பை கட்டாமல் விதை எடுத்தால் மூன்றாம் ஆண்டில் முள்ளும் இருக்காது, ருசியும் இருக்காது. சுரை, பூசணி, பீர்க்கன் விதையை மாடியில் தூய்மையாகக் காப்பது உண்மையிலேயே கடினம். பூ விரியும் முன்பே கட்டி, விரிந்ததும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அதோடு இரண்டு மூன்று செடியிலிருந்து மட்டும் வருஷா வருஷம் விதை எடுத்தால் ரகத்துக்குள் இருக்கும் பன்மை சுருங்கிக்கொண்டே போகும். சாப்பிடக் காய் வரும், பாதுகாப்பு என்ற பெயருக்கு அது போதாது.

மறைமுகச் செலவு என்பது தொடர்ச்சி. வெளியூர் போன வருஷம், வீடு மாறிய வருஷம், மிக்ஜாம் மாதிரிப் புயல் வந்த வருஷம் எல்லாம் இதில் கணக்கு. ஒரு வருஷம் தவறினால் ஃபிரிட்ஜில் மிச்சம் இருக்க வேண்டும்.

எப்போது இது சிறந்தது: நிலம் இருக்கும்போது. பயிர் தன் மகரந்த வகையாக இருக்கும்போது. அடுத்த தலைமுறையில் ஒருவருக்காவது இதில் மனம் இருக்கும்போது.

## வீட்டு ஃபிரிட்ஜ்

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதை ஆயுளுக்கு ஹாரிங்டன் என்ற விதை அறிவியலாளர் சொன்ன எளிய விதி ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். 12 சதவீத ஈரத்தில் 30 டிகிரி அறையில் இருக்கும் நெல்லை 7 சதவீதத்துக்கு உலர்த்தி 5 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால், ஈரத்தால் 32 மடங்கு, குளிரால் 32 மடங்கு. தாளில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் திசை சரி. இதில் கவனிக்க வேண்டியது, பாதிப் பலன் உலர்த்துவதில் இருக்கிறது என்பதுதான். உலர்த்தாமல் ஃபிரிட்ஜில் வைப்பவர் அந்தப் பாதியை அப்படியே விட்டுவிடுகிறார்.

சென்னையில் வெயிலில் காயவைத்தாலும் காற்றின் ஈரம் விதையை ஓர் அளவுக்குக் கீழே இறங்கவிடாது. நிழலில் உலர்த்திய பிறகு, இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் விதையின் எடைக்குச் சமமாக நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு ஒரு வாரம் பத்து நாள் வைக்க வேண்டும். நிறம் மாறினால் ஜெல்லை வறுத்து மறுபடி போட வேண்டும். பிறகு வேறு ஜாடிக்கு மாற்றி, மூடி, கீழ்த் தட்டில் வைக்கலாம். வெளியே எடுக்கும்போது ஜாடி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த விதையின் மேல் தண்ணீர் பூத்துவிடும், உலர்த்திய உழைப்பு வீண். மின்வெட்டு சில மணி நேரம் வந்தால் மூடிய உலர் ஜாடிக்குப் பெரிய கேடு இல்லை.

வெங்காய விதை சீக்கிரம் செத்துப்போகும், தக்காளி, கத்தரி விதைகள் தாக்குப்பிடிக்கும். என்றாலும் முளைப்பைப் பார்க்க ஒரு முறை, பெருக்க ஒரு முறை என்று விதையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் நமக்குக் காலம் வாங்கிக் கொடுக்கும். வேறு ஒன்றும் செய்யாது.

எப்போது இது சிறந்தது: மற்ற மூன்றில் எதைச் செய்வது என்று முடிவாகும்வரை. எதைச் செய்தாலும் மிச்ச நகலுக்கு.

## ஒரே பார்வையில்

| | தேசிய மரபணு வங்கி | சமுதாய விதை வங்கி | சொந்த வயல், மாடி | வீட்டு ஃபிரிட்ஜ் |
|---|---|---|---|---|
| எவ்வளவு காலம் | பல பத்தாண்டுகள் | விதைப்பவர் இருக்கும்வரை | தொடரும்வரை | சில ஆண்டுகள், நன்றாக உலர்த்தினால் கூடுதல் |
| திரும்பக் கிடைப்பது | சிறு உறை, நடைமுறை உண்டு | கிலோ கணக்கில், உடனே | நம் கையில் | நம் கையில் |
| கலப்பு ஆபத்து | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | பயிரைப் பொறுத்தது | இல்லை |
| பதிவு | உண்டு, எண்ணோடு | இடத்துக்கு இடம் மாறும் | நாம் எழுதினால் உண்டு | நாம் எழுதினால் உண்டு |
| காலத்தோடு பழகுதல் | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| மறைந்த விலை | போதிய விதை அளவு, காத்திருப்பு | ஓர் ஆளை நம்பி இருப்பது | ஒரு வருஷம் தவறினாலும் இழப்பு | ஈரம் |

## வாழையும் மாவும் இருந்தால்

இவற்றுக்கு வயலே வங்கி. திருச்சி வாழை மையத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளை நட்டு வளர்த்துக் காக்கிறார்கள், திசு வளர்ப்பிலும் வைக்கிறார்கள். இந்த முறைக்குச் செலவு அதிகம், ஏனென்றால் மரம் எல்லாம் நிலத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஒரு வைரஸ் வந்தால் மொத்தமும் ஆபத்தில் விழும். கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் எவ்வளவு தூரம் அழித்தது என்று திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்த பிறகுதான் அது கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆகவே ஊரில் அரிதான வாழை இருந்தால் பக்கக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு யாரிடமும் நேராகப் போய் நிற்காதீர்கள், அதோடு நோயும் போகலாம். படம், ஊர், குலையின் விவரம் எழுதி மையத்துக்குத் தெரிவித்துக் கேளுங்கள். கொல்லை மாமரம் என்றால், வீடு இடிக்கப்படும் முன் நல்ல ஒட்டுக்கட்டும் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து, நான்கு ஐந்து வீட்டுக்குப் போகிற அளவுக்கு ஒட்டுக்கன்று எடுத்துவிடுங்கள். கொட்டையில் முளைத்த மரம் பெரும்பாலும் தாயைப் போல இருக்காது.

## யாருக்கு எது

நிலம் போகிறது, விதைநெல் இரண்டு மூட்டை இருக்கிறது, முளைக்கிறது என்றால் என் பதில் தயக்கமில்லாதது. பெரும்பகுதி விதைத் திருவிழாவுக்கோ பக்கத்து விவசாயிக்கோ போகட்டும். கால் கிலோ மரபணு வங்கிக்கு. கால் கிலோ உலர்த்தி உங்கள் ஃபிரிட்ஜுக்கு. இதில் பணச் செலவு மிகக் குறைவு.

கைப்பிடி அவரையோ மொச்சையோ மட்டும் இருந்தால் எங்கும் அனுப்பாதீர்கள். பாதியை உலர்த்தி வையுங்கள், பாதியை ஆடிப்பட்டத்தில் நம்பகமான இருவரிடம் கொடுத்துப் பெருக்குங்கள். மரபணு வங்கி அதற்கு அடுத்த வருஷம்.

பத்து வருஷமாகப் பத்தாயத்தில் கிடந்த விதை என்றால் முதலில் ஐம்பது மணியை ஈரத் துணியில் சுற்றி முளைக்கவிட்டுப் பாருங்கள். ஐந்து முளைத்தாலும் அந்த ஐந்தையும் தொட்டியில் நட்டுக் காப்பாற்றுங்கள். அதிலிருந்து எல்லாம் தொடங்கலாம்.

பூசணி, கம்பு மாதிரி அயல் மகரந்தப் பயிர், சென்னைக்குள் நிலமில்லை என்றால் மாடியில் முயன்று கலப்பு செய்துகொள்வதைவிட மரபணு வங்கிக்கே முதல் பங்கு.

ஒரே ஒரு இடம்தான் முடியும் என்று யாராவது சொன்னால், விதைக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்பேன். இருந்தால் ஊர். இல்லையென்றால் டெல்லி.

## கொடுக்கும் முன்

யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் தொடங்கலாம். சென்னைக்குத் திரூரும் காட்டுப்பாக்கமும் பக்கம். அங்கிருந்து கோவைப் பல்கலைக்கழகத்துக்கோ திருச்சூர் நிலையத்துக்கோ வழி கேட்கலாம். விதையை அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டாம், கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேண்டிய அளவும் படிவமும் பயிருக்குப் பயிர் மாறும்.

பூச்சிமருந்து தூவிய விதையை அனுப்பக் கூடாது. வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்திருந்தால் புடைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். உறைக்கு வெளியிலும் உள்ளேயும் ஒரு சீட்டு இருக்கட்டும். ஊரில் சொல்லும் பெயர், அதே விதைக்கு வேறு பெயர் உண்டா, கிராமம், வட்டம், அறுத்த மாதமும் ஆண்டும், எத்தனை நாள் பயிர், எந்த மண்ணில் எந்தப் பட்டத்தில் போட்டார்கள், தண்ணீர் நின்றால் தாங்குமா, எதற்குச் சமைத்தார்கள், யாரிடமிருந்து வந்தது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை குளிரிலும் ஈரத்திலும் மங்கும். இதையெல்லாம் சொல்லக்கூடியவர் வீட்டில் எண்பது வயதில் இருந்தால் விதையைக் காயவைக்கும் முன் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். உங்கள் ஊராட்சியில், ஊரின் உயிரினங்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கும், அதிலும் இந்த ரகத்தைச் சேர்க்கச் சொல்லலாம்.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தபாலில் விதை அனுப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விதைக்கு இங்கே பல்லுயிர்ச் சட்டமும், இரண்டு பக்கமும் தாவர நோய்த்தடுப்பு விதிகளும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் போனால் அங்கே விமான நிலையத்திலேயே பிடுங்கி அழித்துவிடுவார்கள். சென்னையில் தாவர நோய்த்தடுப்பு நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.